குசினிக்கு ஒரு யன்னல்

எங்கட ஊரில் "வீடு கட்டி முடிஞ்சுதோ?" என்று ஒருவரும் கேட்பதில்லை. "இப்ப எதுவரைக்கும் வந்திட்டுது?" என்றுதான் கேட்பார்கள். கிளிநொச்சிப் பக்கம் வீட்டுத்திட்ட வீடுகளில் வளர்ந்த எல்லாருக்கும் இது விளங்கும். ஒரு வருசம் கூரை, அடுத்த வருசம் நிலத்துக்குச் சீமெந்து, நெல் நல்ல விலைக்குப் போனால் உள்பூச்சு, போகாவிட்டால் அடுத்த போகம் பார்க்கலாம். கலியாணமோ சாமத்தியவீடோ வந்தால் முன்பக்கத்துக்கு மட்டும் பெயின்ற். பின்பக்கம் பத்து வருசமாகக் கல்லாகவே நிற்கும்.

இந்திய வீட்டுத்திட்டம் என்று சொல்வோமே, அதில் வந்ததுதான் எங்கட வீடும். மலையகத்தையும் சேர்த்து மொத்தம் 50,000 வீடுகள். வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. காசு மொத்தமாக வராது. அத்திவாரம் போட்டுக் காட்டினால் ஒரு துண்டு, சுவர் எழும்பினால் இன்னொரு துண்டு என்று வங்கிக்கு வரும். மேசனைப் பிடிப்பதும், மணல் ஏற்றுவதும், காசு காணாமல் போனால் கடன் வாங்குவதும் வீட்டுக்காரர் பாடு. அம்மாவின் சோடிக் காப்பு அப்படித்தான் எங்கட கூரைக்குப் போனது. அதற்கு முதல் நான் இருந்த வீடுகளை எண்ணினால் மெனிக் பாமில் ஒரு தறப்பாள், திரும்பி வந்த பிறகு ஒரு தகரக் கொட்டில். அதனால் கல்லு வீட்டில் முதல் மழை பெய்த இரவு நாங்கள் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. ஒழுகாத கூரைக்குக் கீழே மழைச்சத்தம் வேறு மாதிரி இருந்தது.

அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு குசினியும் இருந்தது. ஆனால் அதற்குள் அடுப்பெரிந்தது ஒரே ஒரு நாள், வீடு குடிபூர்ந்த அன்று பால் காய்ச்ச. அந்தப் பால் பொங்க முதலே புகை ஹோலுக்குள் நிறைந்து, வந்த சனம் எல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடியது. அடுத்த கிழமை அப்பா நாலு கப்பு நட்டு, கிடுகு போட்டு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில் இறக்கினார். அதுதான் பத்து வருசத்துக்கு மேலாக எங்கட குசினி. உள்ளே இருந்த குசினி முதலில் நெல்மூட்டை வைக்கிற அறையாகி, பிறகு ஏ.எல் படிக்கும்போது எனக்குப் படிக்கிற அறையாகியது. நான் கம்பஸுக்கு எடுபட்டது ஒரு குசினிக்குள் இருந்து என்று கூட்டாளிகளிடம் சொல்வதுண்டு.

எங்கட ஒழுங்கையில் பதினொரு வீடு. அதில் ஒன்பது வீட்டில் இதே கதைதான். வரைபடத்தில் குசினி உள்ளே இருக்கும், சமையல் வெளியே நடக்கும். வரைபடம் கீறியவர்கள் காஸ் அடுப்பை நினைத்துக் கீறியிருக்க வேண்டும். எங்கட அம்மாமார் பாலை விறகையும் பனம்மட்டையையும் நினைத்துச் சமைக்கிறவர்கள். 2022இல் இந்த வித்தியாசம் நல்லாத் தெரிந்தது. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2021 ஒக்டோபருக்கு முதல் 1,493 ரூபா. அந்த மாதமே 2,675 ஆனது. 2022 ஏப்ரலில் 4,860. அந்த விலைக்கும் சாமான் இல்லை. கொழும்பில் சனம் வெற்றுச் சிலிண்டரை றோட்டில் வரிசையாக வைத்துக்கொண்டு நின்றபோது எங்கட ஒழுங்கையில் ஒரு அடுப்பும் அணையவில்லை. "அப்பவே சொன்னனான்" என்று அம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தா. எப்போது, யாருக்குச் சொன்னா என்பது எங்களுக்குத் தெரியாது.

ஆனால் கொட்டிலுக்கும் ஒரு விலை இருந்தது. கிடுகு இரண்டு வருசத்துக்கு மேல் தாங்காது. மாரியில் விறகு நனையும். நனைந்த விறகு எரியாது, புகையும். குனிந்து ஊதிக்கொண்டு இருக்கிற அம்மாவுக்கு இருமல் வந்தது. முதலில் தடிமன் என்றோம். பிறகு தூசி என்றோம். போன வருசத்துக்கு முதல் வருசம் கிளினிக்கில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "விறகு அடுப்போ?" அம்மா "ஓம்" என்றா. "எத்தினை வருசமா?" அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சின்னனில இருந்து" என்றா.

அன்றைக்குத்தான் வீட்டில் குசினிக் கதை தொடங்கியது.

அண்ணாவிடம் காசு இருந்தது. கராஜில் வேலைசெய்து, சீட்டுப் போட்டு, மூன்று வருசமாகச் சேர்த்த காசு. அது கட்டார் போவதற்கு. ஏஜென்சிக்குக் கட்டுவதற்கு, மெடிக்கலுக்கு, ரிக்கற்றுக்கு என்று தனித்தனியாக ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தான். எங்கட ஒழுங்கையில் அவனுடைய வயதுப் பெடியங்கள் நாலு பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள். காசுக் கதை வந்த இரவு அவன் கோபப்படவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

"நான் போயிடுவன். தங்கச்சி கம்பஸ். அவளும் முடிச்சிட்டு எங்கயோ வேலைக்குப் போயிடுவாள். இந்தக் குசினியில சமைச்சு ஆருக்குக் குடுக்கப்போறியள்?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அவனுடைய கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு போட்டா. "வரேக்க சாப்பிடத்தானே வேணும்" என்றா.

நான் பேராதனைக்குத் திரும்பிப்போன பிறகும் இந்த இரண்டு வசனமும் என்னோடு வந்தன. இரண்டிலும் உண்மை இருந்ததுதான் பிரச்சினை. எங்கட தலைமுறைக்கு வீடு என்பது லீவுக்கு வந்துபோகிற இடம். அதற்குக் காசு போடுவது நியாயமாகத் தெரியாது. அதே நேரம், நாங்கள் இல்லாத மிச்ச நாளெல்லாம் அந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள், மூன்று நேரமும் சமைக்கிறார்கள், இருமுகிறார்கள். "ஆருக்கு?" என்ற கேள்விக்கு அம்மா தன்னுடைய பெயரைச் சொல்லவேயில்லை. எங்கள் பெயரைத்தான் சொன்னா. எங்கட அம்மாமார் தங்களுக்கென்று ஒன்று கேட்டால்கூட, அதைப் பிள்ளைகளுக்கென்று சொல்லித்தான் கேட்பார்கள்.

இரண்டு கிழமை கழித்து அண்ணா போன் எடுத்தான். "பாதிக் காசு தாறன். மேசனுக்குக் கூலியாள் தேவையில்லை, நான் நிக்கிறன். நீ என்ன செய்யப்போறாய்?" மகாபொலக் காசில் மிச்சம் பிடிக்கிற ஆளுக்கு வேறு என்ன பதில்? "யன்னல் நான் கொண்டு வாறன்" என்றேன்.

கண்டிக்குப் போகிற வழியில் பழைய வீட்டுச் சாமான் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. இடித்த வீடுகளின் கதவு, நிலை, ஓடு, கைபிடி எல்லாம் அங்கே கிடக்கும். பஸ்ஸில் போகவர அதைப் பார்த்திருக்கிறேன். அங்கேதான் இரண்டு கதவு வைத்த பலாமர யன்னல் ஒன்றை, நிலையோடு, 5,500 ரூபாவுக்கு வாங்கினேன். ஒரு கதவில் பச்சைக் கண்ணாடி நாலு. மற்றதில் மூன்று, ஒன்று உடைந்திருந்தது. புது யன்னல் ஒன்றுக்கு எங்கட ஊர்த் தச்சர் சொன்ன விலையில் இது கால்வாசியும் வராது. விடுதிக்கு எப்படிக் கொண்டு வந்தோம் என்பது தனிக்கதை. ஓட்டோக்காரர் ஒரு பக்கமும் என் கூட்டாளி மறுபக்கமும் பிடிக்க, நான் நடுவில் நிலைக்குள் தலையைவிட்டுக்கொண்டு இருந்தேன்.

ஊருக்கு ரயிலென்றால் பொல்காவலையில் இறங்கி மாற வேண்டும். யன்னலோடு அது சரிவராது. பஸ்தான். ஏ-9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிற 321 கிலோமீற்றர். அதன் ஒரு அந்தத்தில் படித்துக்கொண்டு மற்ற அந்தத்துக்குக் கிட்ட வீடு வைத்திருக்கிற எங்களுக்கு அந்த றோட்டின் வளைவு எல்லாம் மனப்பாடம். கண்டக்டர் யன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஜனேலேட்டத் டிக்கட் எகக் ஓனே" என்றார். யன்னலுக்கும் ஒரு ரிக்கற் வேணுமாம். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் ரிக்கற்றைக் கிழித்துத் தந்தார். அரை ரிக்கற்.

அவர் ஜனேலய என்றார், நான் யன்னல் என்றேன். இரண்டும் ஒரே சொல்தான். போர்த்துக்கீசர் விட்டுவிட்டுப் போனது. எங்கட குசினியும் அவர்களின் குஸ்ஸியவும் அப்படித்தான். அலுமாரி, கதிரை எல்லாம் அதே கப்பலில் வந்தவை. கக்கூசு மட்டும் ஒல்லாந்தருடையது. வீட்டுக்குள் இருக்கிற சாமான்களின் பெயரில் இந்த நாட்டில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை என்று மாத்தளை தாண்டும்போது யோசித்துக்கொண்டு வந்தேன். பின்சீற்றில் ஒரு கையால் யன்னலையும் மற்றக் கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு இருக்கிறவளுக்கு வேறு வேலை இல்லை.

தம்புள்ளையில் மரக்கறிச் சாக்கோடு ஒரு ஆச்சி ஏறினா. யன்னல் நிலையின் மேல் சாக்கை வைக்கலாமா என்று கேட்டா. வைத்தா. மிகிந்தலை வரைக்கும் என் யன்னலின் மேல் கத்தரிக்காய் பயணம் செய்தது. இறங்கும்போது மூன்று கத்தரிக்காய் எடுத்து என் மடியில் போட்டுவிட்டுப் போனா. அதுவும் ஒரு வாடகைதான்.

மதவாச்சியில் என் பக்கத்தில் வந்து இருந்தவன் ஆமிக்காரன். சிவில் உடுப்புத்தான், ஆனால் தலைமயிரும் பாக்கும் சொல்லிவிடும். லீவு முடிந்து காம்புக்குத் திரும்புகிறான் போல. என் கை நோகுது என்று கண்டானோ என்னவோ, கேட்காமலேயே நிலையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான். வவுனியா தாண்டியபிறகு மெல்லக் கேட்டான், எங்கே கொண்டு போகிறாய் என்று. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், அம்மாவின் குசினிக்கு என்றேன். தன்னுடைய அம்மாவும் விறகில்தான் சமைக்கிறா, தங்கட குசினியும் இன்னும் முடியவில்லை என்றான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கதைக்கவில்லை. ஓமந்தை வந்தது. சின்ன வயதில் சாமானெல்லாம் இறக்கி, பையைத் திறந்து காட்டி, திரும்ப ஏறின இடம். இப்போது பஸ் வேகம் குறைக்காமல் கடந்தது. அவன் யன்னலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். நான் அவனுடைய கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. முறிகண்டியில் பஸ் நின்றபோது இறங்கிப்போய், பிள்ளையாருக்குக் காசு போட்டுவிட்டு வந்து, எனக்கு ஒரு கச்சான் பக்கற்றும் நீட்டினான். வாங்கினேன். "ஸ்தூதி" என்றேன். வீட்டில் கத்தரிக்காய்க் கதையைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறை எழுதுகிறேன்.

வீட்டில் அதற்குள் வேறு சண்டை தொடங்கியிருந்தது. குசினி எங்கே வருவது? நிலையம் பார்க்க வந்த ஐயா, அக்கினி மூலையில்தான் என்றார். அதாவது தென்கிழக்கு. அங்கே முருங்கை நின்றது. மேசன் அண்ணை, இப்ப கொட்டில் நிற்கிற இடத்திலேயே கட்டினால் வேலை சுகம் என்றார். நான் ஐயாவோடு வாதாடுகிற நோக்கத்தில் ஒரு கடதாசியில் வளவைக் கீறி, காற்றுக்கு அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். சோளகம் தென்மேற்கில் இருந்து வரும். அது புகையை வடகிழக்குக்குத் தள்ளும். மாரியில் வாடை வடகிழக்கில் இருந்து வரும். அது புகையைத் தென்மேற்குக்குத் தள்ளும். குசினி தென்கிழக்கு மூலையில் இருந்தால் வீடு அதற்கு வடமேற்கில். இரண்டு காற்றிலும் புகை வீட்டைத் தொடாமல் பக்கத்தால் போய்விடும்! கொட்டில் நின்ற இடமோ வீட்டுக்கு நேர் பின்னால், வடகிழக்கில். வாடைக்காற்று அடித்தால் புகை எல்லாம் ஹோலுக்குள் வரும். பத்து வருசமாக மாரியில் எங்கட உடுப்பெல்லாம் புகை மணத்ததற்குக் காரணம் அதுதான்.

கடதாசியை அம்மாவிடம் காட்டினேன். "இதுக்கு ஏன் கம்பஸ் போனனீ? எனக்கிட்டக் கேட்டிருக்கலாமே" என்றா. "மாரியில உந்தப் பக்கம் இருந்து சமைக்கேலாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்." உண்மைதான், சொல்லியிருக்கிறா. அந்தப் பத்து வருசத்தில் அம்மாவை ஒரு நிபுணராக ஒருவரும் கேட்டதில்லை. முருங்கை வெட்டப்பட்டது. முருங்கைக்கு இது ஒரு விசயமே இல்லை. அதன் இரண்டு தடியை வேலிக்கரையில் நட்டோம், அடுத்த மழைக்குத் துளிர்த்துவிட்டது.

கட்டுவதற்குப் பதினாறு நாள் பிடித்தது. ஒரு பை சீமெந்து 2022இல் மூவாயிரத்தைத் தொட்ட காலத்தை அப்பா ஒவ்வொரு பை உடைக்கும்போதும் ஞாபகப்படுத்தினார். இப்ப விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றாலும் அவருக்குப் பயம் போகவில்லை. அண்ணா கலவை குழைத்தான். நான் கல்லுக்குத் தண்ணி அடித்தேன். சுவர் இடுப்பளவுக்குக் கல், அதற்கு மேல் இரண்டு பக்கம் காற்றுப் போக இடைவெளி விட்டு வலை. கூரைக்குத் தகரம் மலிவுதான், ஆனால் மத்தியானத்தில் கீழே நிற்க ஏலாது. அதனால் பழைய ஓடு. ஓட்டுக்கு இன்னொரு குணம் உண்டு, இடுக்குகளால் புகை கசிந்து போய்விடும். அடுப்புக்கு மேலே ஒரு புகைக்கூடு. அடுப்பும் நிலத்தில் இல்லை, அம்மாவின் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை. மேசன் அண்ணை தன்னுடைய வழக்கமான உயரத்துக்கு நூல் கட்டினார். அம்மா வந்து நின்று பார்த்துவிட்டு, "தம்பி, உது உங்களுக்குச் சமைக்கவோ, எனக்குச் சமைக்கவோ?" என்று கேட்டா. நூல் நாலு விரல் கீழே இறங்கியது.

கடைசிச் சண்டை யன்னலுக்கு. அடுப்புக்கு நேர் மேலே வைத்தால் வெளிச்சம் விழும் என்றார் மேசன் அண்ணை. காற்று வந்து நெருப்பை அலைக்கும் என்றான் அண்ணா. அம்மா இரண்டு பேரையும் கேட்கவில்லை. உள்ளே போய், அடுப்பு வரப்போகிற இடத்தில் நின்று, கையை நீட்டிக் காட்டினா. மேற்குச் சுவர். அங்கே வைத்தால் வீட்டுப் பக்கச் சுவரைத் தாண்டி ஒழுங்கைப் படலை தெரியும்.

"ஏன் படலை?"

"ஆர் வருகினம் எண்டு தெரியவேணும்."

பத்து வருசம் அம்மா வீட்டுக்குப் பின்னால், படலைக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்து சமைத்திருக்கிறா. நாங்கள் பள்ளிக்கூடத்தால் வந்தாலும், அப்பா வயலால் வந்தாலும், ஆர் வந்தாலும் கூப்பிட்டால்தான் அவவுக்குத் தெரியும். சில பேர் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதும் உண்டு. குசினிக்கு என்ன வேணும் என்று நான் யோசித்ததெல்லாம் புகை, காற்று, வெளிச்சம். அம்மாவுக்கு வேண்டியிருந்தது படலை.

இப்போது இருமல் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. சின்னனில் இருந்து குடித்த புகை பதினாறு நாளில் கட்டிய சுவருக்குப் பயந்து ஓடாது. கிளினிக்கிற்கு மாதம் ஒருக்கால் போகிறா. ஆனால் ஒழுங்கையில் மூன்று வீட்டு அம்மாமார் வந்து மேடையின் உயரத்தைத் தங்கட இடுப்போடு அளந்துகொண்டு போயிருக்கிறார்கள். உங்கட வீட்டிலும் இப்படி ஒரு கொட்டில் இருக்கக்கூடும். அடுத்த லீவுக்குப் போனால் அதற்குள் நின்று, அம்மா நிற்கிற இடத்தில் இருந்து என்ன தெரிகிறது என்று ஒருக்கால் பாருங்கள்.

அண்ணா கார்த்திகையில் போனான். பாதிக் காசு குசினிக்குப் போனபடியால் மிச்சத்துக்குக் கடன் எடுத்துத்தான் போனான். அதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. வெள்ளிக்கிழமை லீவென்றால் வீடியோ கோல் எடுப்பான். அம்மா போனை யன்னல் கட்டையில் சாத்தி வைத்துவிட்டுச் சமைப்பா. போன கிழமை உடைந்த கண்ணாடியைப் பற்றிக் கேட்டான். மாற்றியாச்சு, பச்சை கிடைக்கவில்லை, வெள்ளைதான் என்றேன். யன்னலுக்கு இன்னும் பெயின்ற் அடிக்கவில்லை. பெயின்ற் வாங்கி வீட்டுக்குள் கிடக்கிறது. அண்ணா வந்து அடிக்கட்டும் என்று அம்மா வைத்திருக்கிறா.